பூனைக் கட்சி, குரங்குக் கட்சி: ஸ்டோர்டு ப்ரொசீஜரின் ஸ்தல புராணம்

மயிலாப்பூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கும் வேதாந்த தேசிகர் கோயிலுக்கும் கூப்பிடு தூரம்தான். முன்னது தென்கலை, பின்னது வடகலை. இந்த இரண்டு கலைக்கும் நடுவே உள்ள தகராறில் வெளியாருக்குத் தெரிந்தது நெற்றி சமாசாரம் மட்டும்: நாமத்துக்கு அடியில் பாதம் உண்டா, இல்லையா. காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் வழக்காடினார்கள் என்று சொல்வார்கள். யானையை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றியதாகத் தெரியவில்லை. நிஜச் சண்டை அதற்கும் உள்ளே இருக்கிறது. பகவான் ஜீவனைக் கரையேற்றுவது எப்படி? பூனை தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போகிற மாதிரி, குட்டி சும்மா கிடந்தால் போதும் என்பது தென்கலை. மார்ஜார நியாயம் என்று பெயர். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற மாதிரி, குட்டியும் கொஞ்சம் உழைக்க வேண்டும் என்பது வடகலை. அது மர்க்கட நியாயம்.

இந்த வழக்கு 1990களில் தி.நகருக்குக் குடிபெயர்ந்தது. பனகல் பார்க்கைச் சுற்றி, ஜவுளிக் கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடி, மூன்றாம் மாடியில் ஏசி போட்ட அறைகள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது. அங்கே பகவான் இடத்தில் டேட்டாபேஸ் சர்வர். ஜீவாத்மா இடத்தில் விஷுவல் பேசிக்கில் எழுதிய ஒரு ஃபார்ம். மோட்சம் என்பது கிரிடில் வந்து உட்காரும் பாக்கிக்காரர் பட்டியல். கேள்வி மட்டும் மாறவில்லை. சர்வருக்குள் குடியிருக்கும் ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்ற குட்டிப் புரோகிராம் தேடி எடுத்த ரெக்கார்டுகள் வெளியே நிற்கும் அப்ளிகேஷனுக்கு எப்படி வந்து சேரும்? அதுவே கவ்விக்கொண்டு வந்து போடுமா, இல்லை இவன்தான் எதையாவது பிடித்துத் தொங்க வேண்டுமா?

கேட்டால் பத்து நிமிஷத்தில் முடிகிற பேச்சு மாதிரி இருக்கிறது. கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக முடியவில்லை.

ஆதி காண்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970 ஜூனில், சான் ஹோசேவில் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், தரவை எல்லாம் அட்டவணைகளாக வைக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், எந்த வழியாகப் போய் எடுப்பது என்று யாரும் சொல்ல வேண்டாம் என்பது அதன் சாரம். ஐபிஎம்முக்கு அப்போது ஐஎம்எஸ் என்ற டேட்டாபேஸ் சரக்கு அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள எந்த முதலாளிக்கு மனசு வரும்? ஆற அமர ஆராய்ந்தார்கள். ஆராய்ந்ததை எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் அச்சிலும் போட்டார்கள். அதைப் படித்துவிட்டு லாரி எல்லிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் என்று மூன்று பேர் 1977இல் கடை திறந்தார்கள். 1979இல் விற்பனைக்கு வந்த அவர்கள் சரக்கின் பெயர் ஆரக்கிள், வெர்ஷன் 2. வெர்ஷன் 1 என்று ஒன்று விற்பனைக்கு வரவே இல்லை. முதல் பதிப்பை எவன் நம்பி வாங்குவான் என்று நேரே இரண்டிலிருந்து ஆரம்பித்தார்கள். ரங்கநாதன் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டால் எழுந்து நின்று வணங்குவார்கள்.

அந்த ஆரம்ப கால புரோகிராமர்களில் ஒருவர் புரூஸ் ஸ்காட். சோதனைக்காக ஒரு யூசர் வேண்டியிருந்தது, தன் பெயரையே வைத்தார். பாஸ்வேர்டுக்கு வீட்டுப் பூனையின் பெயர்: டைகர். ஸ்காட், டைகர். இந்த இரண்டு சொல்லும் தி.நகர், மயிலாப்பூர், அடையாறு முழுக்க ஒரு தலைமுறைக்கே மந்திர உபதேசம் ஆயிற்று. அந்த யூசருக்குள் இஎம்பி என்று ஓர் அட்டவணை. மொத்தம் 14 ஊழியர்கள். கிங் என்பவர் பிரெசிடென்ட், சம்பளம் 5000. ஸ்மித் என்ற கிளார்க் 1980 டிசம்பரில் வேலைக்குச் சேர்ந்தார், சம்பளம் 800. இன்றைக்கும் 800தான். பாஸ்டனில் ஆபரேஷன்ஸ் என்று ஒரு டிபார்ட்மென்ட், அதில் ஒரு ஆள்கூடக் கிடையாது. அவுட்டர் ஜாயின் சொல்லிக்கொடுப்பதற்காகவே அதை மூடாமல் வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாத சென்னைப் பையன்கள், டல்லாஸில் ஸ்மித்துக்கு யார் மேனேஜர் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஃபோர்டு என்று சொன்னார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூனை வளர்த்தது ஆரக்கிள் வீட்டில். ஆனால் ஆரக்கிள் சேர்ந்தது குரங்குக் கட்சியில்.

பூனைக் கட்சியின் மூல மடம் சைபேஸ். மார்க் ஹாஃப்மனும், பெர்க்லியில் இன்கிரெஸ் ஆராய்ச்சியில் இருந்த பாப் எப்ஸ்டீனும் 1984இல் ஆரம்பித்தது. 1987இல் வந்த அவர்களுடைய சீக்குவல் சர்வர், ப்ரொசீஜரை டேட்டாபேஸுக்கு உள்ளேயே குடிவைத்தது. அதுவரைக்கும் கணக்குப் பார்க்கும் புத்தி எல்லாம் வெளியே அப்ளிகேஷனில் இருந்தது. சர்வர் வெறும் அலமாரி. இப்போது அலமாரிக்குள்ளேயே குமாஸ்தா உட்கார்ந்துவிட்டார். 1988இல் இவர்களோடு மைக்ரோசாஃப்டும் ஆஷ்டன்-டேட்டும் கைகோத்தன. மறுவருஷம் ஓஎஸ்/2வுக்காக அதே சர்வர் வந்தது. 90களின் நடுவில் பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்டு போனார்கள். ஆனால் நெற்றியில் போட்ட நாமத்தை இரண்டு வீட்டிலும் மாற்றவில்லை. ஊர் விவரமும் சுவாரசியம்: சைபேஸ் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் வடக்கே எமரிவில்லில், ஆரக்கிள் தெற்கே ரெட்வுட் ஷோர்ஸில். ஆக, அந்த ஊரில் தென்கலையார் வடக்கே இருந்தார்கள்.

பூனைக் கட்சியின் ஆகமம் மிகச் சுலபம். ப்ரொசீஜருக்குள், ரெக்கார்டுகளைத் தேடி எடுக்கச் சொல்லும் வாக்கியமான செலக்ட் ஒன்று எழுது. முடிந்தது. அந்த செலக்ட்டின் ரெக்கார்டுகள் யாரும் கேட்காமலே, எந்தப் பாத்திரமும் நீட்டாமலே, நெட்வொர்க் வழியாகக் கூப்பிட்டவன் மடியில் வந்து விழும். மூன்று செலக்ட் எழுதினால் மூன்று தொகுதி வரும். முதலாவதில் நாலு காலம், அதாவது நெடுக்கு வரிசை, இரண்டாவதில் பதினாறு. ப்ரொசீஜரின் தலைப்பைப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. இஃப்புக்குள் ஒரு செலக்ட், எல்ஸுக்குள் வேறொரு செலக்ட் என்றால், திங்கட்கிழமை ஒரு மாதிரியும் மாசக் கடைசியில் வேறு மாதிரியும் வரும். பூனை எதைக் கவ்விக்கொண்டு வரும் என்று குட்டி கேள்வி கேட்கக் கூடாது. எலியாகவும் இருக்கலாம், உங்கள் சாக்ஸாகவும் இருக்கலாம்.

சாக்ஸ் வந்த கதை ஒவ்வொரு ஆபீஸிலும் உண்டு. பிழை தேடுவதற்காக ஒரு பையன் ப்ரொசீஜர் நடுவில் 'இங்க வரைக்கும் வந்தாச்சு' என்று ஒரு செலக்ட் போடுவான். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவான். லைவில் போனதும் வாடிக்கையாளர் திரையில், பாக்கித் தொகை இருக்க வேண்டிய கட்டத்தில், இங்க வரைக்கும் வந்தாச்சு என்று பளிச்சென்று வந்து நிற்கும். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால், தமிழை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு வைரஸ் என்று நினைத்து நெட்வொர்க்கைப் பிடுங்கிவிடுவார்.

இதைவிடப் பெரிய ரோதனை ஒன்று இருந்தது. ப்ரொசீஜர் செலக்ட்டுக்கு முன்னால் ஒரு தற்காலிக அட்டவணையில் நாலு ரெக்கார்டு இன்சர்ட் செய்யும். சர்வர் மரியாதைக்கார ஆள் என்பதால், நாலு ரெக்கார்டு போட்டாச்சு என்று ஒரு தகவலையும் அனுப்பிவைக்கும். விஷுவல் பேசிக்கில் இருந்த ஏடிஓ என்ற இடைத்தரகர் அந்தத் தகவலையே முதல் ரிசல்ட் என்று நினைத்து வாங்கிக்கொள்ளும். அதில் ரெக்கார்டு ஏது? மூடிக் கிடக்கும் பொருளை வைத்துக்கொண்டு இந்தக் காரியம் செய்யக் கூடாது என்று 3704ஆம் நம்பர் பிழையைத் தூக்கிப் போடும். உண்மையான ரெக்கார்டுகள் பின்னாலேயே, அடுத்த தொகுதியாக, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துக்கொண்டிருக்கும். இதற்குப் பரிகாரம் ப்ரொசீஜரின் முதல் வரியில் செட் நோகவுன்ட் ஆன். எண்ணிக்கை சொல்லாதே, வாயை மூடு என்று அர்த்தம். ஏன் எழுதுகிறோம் என்று தெரியாமல், பிள்ளையார் சுழி கணக்காக, அந்த வரியை எழுதிவிட்டு ஆரம்பித்த புரோகிராமர்கள் சென்னையில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள். இன்றைய கருவிகளில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை என்று சொல்லிப் பாருங்கள், உங்களை நாஸ்திகர் என்பார்கள்.

இனி குரங்குக் கட்சி. ஆரக்கிளின் பிஎல்/சீக்குவல் அமெரிக்க ராணுவம் ஆசை ஆசையாக வளர்த்த ஏடா மொழியின் வம்சம். குலமே கறார் குலம். 1992இல் ஆரக்கிள் 7 வந்தபோது ப்ரொசீஜர்கள் டேட்டாபேஸுக்குள் குடியேறின. ஆனால் உள்ளே போய் வெறுமனே ஒரு செலக்ட் எழுதினால் பிஎல்எஸ்-00428 என்று ஒரு பிழை வரும். இந்த செலக்ட்டுக்கு இன்ட்டு எங்கே, எடுத்ததை எதில் போடுவாய், சொல்லு என்பது அதன் கேள்வி. சீக்குவல் சர்வரிலிருந்து மாறி வந்தவனுக்கு முதல் நாள் முதல் மணி நேரத்தில் கிடைக்கும் வரவேற்பு இதுதான். ஒரே ஒரு ரெக்கார்டு என்றால் இன்ட்டு போட்டுச் சமாளிக்கலாம். நூறு ரெக்கார்டை எந்த இன்ட்டுவில் அடைப்பது?

ஆரம்ப வருஷங்களில் செய்த வைத்தியத்தைக் கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அட்டவணையை நெடுக்குவாக்கில் கிழித்தார்கள். பெயர்கள் எல்லாம் ஒரு அரே, ஊர்கள் எல்லாம் ஒரு அரே, பாக்கித் தொகை எல்லாம் ஒரு அரே. ஒவ்வொன்றும் ப்ரொசீஜரின் ஒரு அவுட் பாராமீட்டர். பன்னிரண்டு காலம் இருந்தால் பன்னிரண்டு அரே. இவற்றை மறுபடி ஒட்டி ரெக்கார்டு போலக் காட்டுவதற்கு மைக்ரோசாஃப்டின் ஓடிபிசி டிரைவரில் ஒரு விசேஷ எழுத்துமுறை இருந்தது. கூப்பிடும்போதே ரிசல்ட்செட் என்று எழுதி, அதிகபட்சம் எத்தனை ரெக்கார்டு வரும் என்று ஒரு நம்பரும் போட வேண்டும். 25 என்று போட்டு 26 வந்தால் பிழை. வரப்போவது எத்தனை என்று தெரிந்தால் டேட்டாபேஸை ஏன் கேட்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் பேசாமல் 1000 என்று போட்டார்கள். ஆயிரத்தோராவது வாடிக்கையாளர் சேர்ந்த அன்றைக்கு அப்ளிகேஷன் படுத்தது.

90களின் நடுவில் ரெஃப் கர்சர் அவதாரம். இதுதான் குரங்குக் கட்சியின் வேதம். ப்ரொசீஜர் ரெக்கார்டுகளைக் கொடுக்காது. செலக்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பிடியை மட்டும் ஒரு அவுட் பாராமீட்டர் வழியாக உங்கள் கையில் கொடுக்கும். நீங்கள் அந்தப் பிடியைப் பிடித்துக்கொண்டு, ஃபெட்ச், ஃபெட்ச் என்று வேண்டிய அளவுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காவிட்டால் ஒன்றும் வராது. பிடித்து முடித்ததும் மறக்காமல் விட வேண்டும். இதிலும் ஆசாரம் உண்டு: ரெஃப் கர்சர் என்று ஒரு வகையை முதலில் ஒரு பேக்கேஜில் அறிவித்துவிட்டுத்தான் ப்ரொசீஜரில் வாயைத் திறக்கலாம். 2001இல் ஆரக்கிள் 9ஐ வந்து சிஸ் ரெஃப்கர்சர் என்று ஆயத்தமாக ஒன்றைக் கொடுக்கிற வரைக்கும், ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் அந்த ஒரு வரிக்காகவே ஒரு பேக்கேஜ் இருந்தது. அதற்கு டைப்ஸ் என்று பெயர் வைப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு டைப்தான் இருக்கும்.

வெளியே இருந்து கூப்பிடுகிறவன் பாடு இன்னும் மோசம். பாராமீட்டர் எண்ணிக்கையோ வகையோ தப்பு என்று பிஎல்எஸ்-00306 வரும். எது தப்பு, எத்தனையாவது தப்பு என்று அது சொல்லாது. பதினெட்டு பாராமீட்டரையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் நின்று முணுமுணுத்தவர்களை ஜோசியர்கள் என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆரக்கிளே கொடுத்த ஓஎல்இ டிபி புரொவைடரில் இன்னொரு ரகசியம். கனெக்ஷன் எழுதும் வரியில் பிஎல்சீக்குவல்ஆர்செட் சமம் ஒன்று என்று சேர்க்க வேண்டும், கர்சர் பாராமீட்டரை நீங்கள் கட்டவே கூடாது. கட்டினால் பிழை, ஒன்றைச் சேர்க்காவிட்டாலும் பிழை. ஜாவாக்காரர்களுக்குத் தனி வழி: ஆரக்கிள்டைப்ஸ் கர்சர் என்று ஒன்று, அதன் நம்பர் மைனஸ் 10. ஜாவா தன் பொதுப் பட்டியலில் ரெஃப் கர்சருக்கு ஓர் இடம் கொடுத்தது 2014இல், எட்டாவது பதிப்பில்தான். அதற்குக் கொடுத்த நம்பர் 2012. இரண்டு வருஷம் தாமதம் என்று நம்பரிலேயே ஒப்புதல் வாக்குமூலம்.

பிடித்ததை விடாத குட்டிகளால் வந்த வினை தனி அத்தியாயம். ஒரு செஷன் எத்தனை கர்சரைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று ஆரக்கிளில் ஒரு வரம்பு உண்டு. சொல்லாமல் விட்டால் 50. விஷுவல் பேசிக் அப்ளிகேஷன்கள் காலையில் ஒரு கனெக்ஷனைத் திறந்தால் சாயங்காலம் வரைக்கும் அதே கனெக்ஷன்தான். ஒவ்வொரு முறை 'தேடு' பட்டனை அமுக்கும்போதும் ஒரு கர்சர் திறக்கும், மூடுகிற வரியை எழுத மறந்திருப்பார்கள். சுமார் ஐம்பதாவது அமுக்கலில் ஓரா-01000. பனகல் பார்க் பக்கத்து ஆபீஸ்களில் அடிக்கடி கேட்ட சம்பாஷணை இது.

"சார், ஓப்பன் கர்சர் வரம்பு தாண்டிடுச்சுன்னு வருது சார். கொஞ்சம் ஏத்தி விடுங்க."

"போன வாரம்தானப்பா ஐம்பதை முந்நூறு ஆக்கினேன்?"

"ஆமா சார். இப்ப முந்நூறும் ஆயிடுச்சு."

"ஏம்ப்பா, திறந்ததை மூடுறீங்களா, இல்லையா?"

"அது... ஃபார்ம் மூடினா தானா மூடிடும் சார்."

"ஃபார்மை எப்ப மூடுவாங்க?"

"வீட்டுக்குப் போறப்ப சார்."

டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ பெருமூச்சு விட்டுவிட்டு ஆயிரம் ஆக்குவார். ஆனால் டேட்டா என்ட்ரி செய்யும் பெண்களுக்கு இந்தச் சித்தாந்தம் எதுவும் தேவைப்படவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அப்ளிகேஷனை ஒரு தடவை மூடித் திறந்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் படுக்காது என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். செஷன் செத்தால் அதன் கர்சர்கள் எல்லாம் மூடிக்கொள்ளும், அதுதான் சூட்சுமம். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கும்போது, மூணு மணிக்கு மூடித் திறக்கணும்மா, இல்லேன்னா சிஸ்டம் கோவிச்சுக்கும் என்றுதான் சொல்வார்கள். நூறு பக்க யூசர் மேனுவலில் இல்லாத ஒரே உபயோகமான தகவல் அது.

நியாயமாகச் சொன்னால் குரங்குக் கட்சியின் பக்கத்தில் ஒரு பெரிய பலம் இருந்தது. ரெஃப் கர்சரைத் திறந்த நொடியில் டேட்டா எப்படி இருந்ததோ, அப்படியேதான் ஆரக்கிள் கடைசி ரெக்கார்டு வரைக்கும் காட்டும். நடுவில் யார் எதை மாற்றினாலும் சரி, பழைய நிலையை ரோல்பேக் செக்மென்ட்டில் வைத்திருந்து அங்கிருந்து எடுத்துத் தரும். படிப்பவன் எழுதுபவனைத் தடுக்க மாட்டான். அற்புதமான ஏற்பாடு. ஆனால் ஒருவர் பன்னிரண்டரை மணிக்குப் பட்டியலைத் திறந்து, முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பாண்டி பஜார் பக்கம் ஃபுல் மீல்ஸ் சாப்பிடப் போவார். பாயசம், பீடா எல்லாம் முடித்து இரண்டரைக்கு வந்து 'அடுத்து' பட்டனை அமுக்குவார். அதற்குள் மற்றவர்கள் எழுதின எழுத்தில் அந்தப் பழைய நிலை அழிந்திருக்கும். ஓரா-01555, ஸ்னாப்ஷாட் பழசாகிவிட்டது. போதாக்குறைக்கு ஆரக்கிளின் ஜாவா டிரைவர், நாம் எண்ணிக்கை சொல்லாவிட்டால், ஒரு நடைக்குப் பத்து ரெக்கார்டுதான் எடுத்து வரும். பத்தாயிரம் ரெக்கார்டுக்கு ஆயிரம் நடை. அப்ளிகேஷன் ஏன் இத்தனை மெதுவாக இருக்கிறது என்று கேட்டால் சர்வருக்கு மெமரி போதவில்லை என்று ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

பூனைக் கட்சியிலும் இதே சாப்பாட்டுக்காரர் இருந்தார். அங்கே வேறு விபரீதம். பூனை கவ்விக்கொண்டு வந்துவிட்டது, குட்டி வாயைத் திறக்கவில்லை. அப்ளிகேஷன் பத்து ரெக்கார்டு படித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் நெட்வொர்க் பஃபர் நிரம்பும், சர்வர் நின்ற இடத்திலேயே நிற்கும். நிற்கும்போது கையில் ஒரு லாக்கையும் பிடித்துக்கொண்டு நிற்கும். சீக்குவல் சர்வர் 6.5 காலத்தில் அது ஒரு ரெக்கார்டுக்கான லாக்கும் இல்லை, 2 கேபி பேஜுக்கு மொத்தமாகப் போட்ட பூட்டு. அந்தப் பேஜில் இருக்கிற மற்ற வாடிக்கையாளருக்கு ரசீது போட முடியாமல் அக்கவுன்ட்ஸில் ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். அவர் கத்துவதற்குக் காரணமானவர் அந்த நேரத்தில் ரசம் சாதத்தில் இருப்பார். ஆக, முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்து போடும் பகவானும் பக்தன் வாங்கிக்கொள்ளும் வேகத்தில்தான் கொடுக்க முடியும். தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரிடம் இந்தக் கேள்வியை யாரும் வைத்திருக்க மாட்டார்கள், அவருக்கு நெட்வொர்க் கார்டு தொல்லை இல்லை.

இதற்கு நடுவே ஊர் மாறிக்கொண்டிருந்தது. 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் இன்டர்நெட் வந்தது. மறுவருஷம் மெட்ராஸ் சென்னை ஆயிற்று. 1997இல் பறக்கும் ரயில் திருமயிலை வரைக்கும் பறந்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தது. புதன்கிழமை ஹிந்துவோடு வந்த ஆப்பர்ச்சூனிட்டீஸ் இணைப்பு கல்யாண மாலைக்குச் சமமான மரியாதையோடு படிக்கப்பட்டது. அதிலும் கோத்திரம் பார்த்தார்கள். விபி-ஆரக்கிள் ஒரு கோத்திரம், பவர்பில்டர்-சைபேஸ் இன்னொரு கோத்திரம். நியூயார்க் பங்குச் சந்தைக் கம்பெனிகள் சைபேஸில் ஊறியவை, ஆகவே சைபேஸ் தெரிந்த பையனுக்கு எச்1பி நெருங்கிய சொந்தம். பையன் எந்த டேட்டாபேஸ் என்று பெண் வீட்டார் விசாரித்ததாக ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை. பெண் வீட்டார் விசாரித்தது எந்த ஊர் விசா என்பதைத்தான்.

கோச்சிங் சென்டர்கள் இரண்டு சித்தாந்தத்தையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தன. காலை பேட்ச் ஆரக்கிள், மாலை பேட்ச் சீக்குவல் சர்வர். பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே வாத்தியார். காலையில் இன்ட்டு இல்லாத செலக்ட் மகாபாவம் என்பார், மாலையில் அதே வாயால் செலக்ட் போதும் என்பார். இன்டர்வியூக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்தது: ஸ்டோர்டு ப்ரொசீஜரிலிருந்து ரெக்கார்டுகளை எப்படி வெளியே அனுப்புவாய்? எதிரே இருப்பவர் எந்த மடம் என்று தெரியாமல் பதில் சொன்னவன் தொலைந்தான். கெட்டிக்காரப் பையன்கள் முதலில் அவர் மேஜையில் இருக்கும் காபி மக்கில் எந்தக் கம்பெனி பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசினார்கள்.

ஒய்2கே வந்து போயிற்று. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. செருப்பு கழற்றும் வழக்கம் ஒழிந்து கழுத்தில் அட்டை தொங்கும் வழக்கம் வந்தது. அந்த உயரமான கட்டடங்களில்தான் மதமாற்றத் திருப்பணி பெருமளவில் நடந்தது. அமெரிக்க வாடிக்கையாளர் ஒரு நாள் காலையில் எழுந்து, சைபேஸ் போதும், ஆரக்கிளுக்கு மாறுகிறோம் என்பார். நாலாயிரம் ப்ரொசீஜர். மேனேஜர் எக்செல்லைத் திறந்து, ப்ரொசீஜருக்கு அரை மணி என்று பெருக்கி, மொத்தத்தில் பத்து சதவீதம் தள்ளுபடியும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஒவ்வொரு செலக்ட்டுக்கும் ஒரு ரெஃப் கர்சர் சேர்க்க வேண்டும், சேர்த்தால் பாராமீட்டர் எண்ணிக்கை மாறும், மாறினால் அதைக் கூப்பிடுகிற ஒவ்வொரு ஃபார்மும் மாறும் என்பது அவருக்கு இரண்டாவது மாதத்தில் தெரியவரும். மூன்று செலக்ட் போட்ட ப்ரொசீஜருக்கு மூன்று கர்சர். இஃப்-எல்ஸில் வேறு வேறு செலக்ட் போட்ட மகானுபாவர்களுடைய ப்ரொசீஜர்களை எந்த இளைஞனிடம் தள்ளுவது என்று டீம் லீடுகள் சீட்டுக் குலுக்கினார்கள். எழுதினவர் அதற்குள் நியூஜெர்சியில் செட்டிலாகி, அங்கே கோயில் கட்டும் கமிட்டியில் இருப்பார்.

மற்ற மடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐபிஎம்மின் டிபி2 சமரசவாதி. கர்சரையும் திற, கூடவே வித் ரிட்டர்ன் என்றும் எழுது, திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து போ, அது தானாகக் கூப்பிட்டவனிடம் போய்ச் சேரும் என்றது. கூப்பிட்டவனுக்கா, இல்லை நடுவில் இருக்கும் ப்ரொசீஜர்களை எல்லாம் தாண்டி ஆதிமூலமான கிளையன்ட்டுக்கா என்பதையும் எழுதிக் கேட்டுக்கொண்டது. மூன்று பேரில் உருப்படியாக யோசித்தவர் இவர்தான், ஆகவே தி.நகரில் இவரைப் பற்றிக் கோச்சிங் அதிகம் கிடையாது. 2005இல் மைசீக்குவல் ஐந்தாம் பதிப்பு பூனைக் கட்சியில் சேர்ந்தது. ஆனால் ரெக்கார்டுகளுக்குப் பின்னால் முடிந்தது என்று ஒரு வெற்றுத் தகவலும் வரும், அதையும் வாங்கிப் போடாவிட்டால் அடுத்த கேள்விக்கு வரிசை தப்பிவிட்டது என்று முறைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் 2018 வரைக்கும் ப்ரொசீஜரே கிடையாது, எல்லாம் ஃபங்ஷன்தான். அதில் ரெஃப்கர்சர் கேட்டால் பெயரில்லாத போர்ட்டல் ஒன்று என்று அதற்கு ஒரு பெயரை வைத்துக் கொடுக்கும். ஆட்டோகமிட்டை அணைக்காமல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிவிடும்.

2013இல் நடந்ததுதான் இந்தப் புராணத்தின் உச்சக் காட்சி. ஆரக்கிள் 12சி வந்தது. அதில் டிபிஎம்எஸ் சீக்குவல் பேக்கேஜுக்குள் ரிட்டர்ன் ரிசல்ட் என்று ஒரு சமாசாரம். கர்சரைத் திறந்து அதனிடம் கொடுத்துவிட்டால் போதும். அவுட் பாராமீட்டர் வேண்டாம், பிடி வேண்டாம், ரெக்கார்டுகள் தாமாகவே கிளையன்ட்டிடம் போகும். சைபேஸிலிருந்தும் சீக்குவல் சர்வரிலிருந்தும் மாறி வருபவர்களின் சௌகரியத்துக்காக என்று ஆரக்கிளே வெட்கமில்லாமல் எழுதி வைத்தது. இருபது வருஷம் மர்க்கட நியாயம் பேசிய மடத்தின் வாசலில் பூனை வந்து உட்கார்ந்துவிட்டது. நாலாயிரம் ப்ரொசீஜரைக் கையால் மதம் மாற்றி முடித்து, முதுகுவலிக்கு அடையாறில் பிசியோதெரபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இந்தச் செய்தியை எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பதை எழுத்தில் போட முடியாது. ஒரு ஆறுதல் இருந்தது. சர்வர் 12சி ஆக இருந்தால் மட்டும் போதாது, கிளையன்ட்டும் 12சி ஆக இருக்க வேண்டும். பழைய கிளையன்ட்டாக இருந்தால் ஓரா-29481, இந்தக் கிளையன்ட்டுக்கு அப்படி எல்லாம் அனுப்ப முடியாது என்று வரும். பெரும்பாலான கம்பெனிகளில் கிளையன்ட்டை மாற்ற அனுமதி வாங்குவதற்குள் கம்பெனியே மாறிவிடும். ஆகவே எல்லோரும் ரெஃப் கர்சரிலேயே தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்திருக்கும் தலைமுறைக்கு இந்த இரண்டு மடமும் கிழங்களின் சண்டை. ஸ்டோர்டு ப்ரொசீஜரா, அதெல்லாம் யாரு சார் எழுதுறாங்க என்கிறார்கள். ரெக்கார்டே வேண்டாம், முழுவதையும் ஒரே ஜேசன் சரமாகக் கொடு, ஒரே காலம், ஒரே கட்டம், அதை நாங்கள் பிரித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சீக்குவல் சர்வர் 2016இல் அதற்கும் வழி செய்தது. செலக்ட்டின் கடைசியில் ஃபார் ஜேசன் என்று எழுதினால் ஆயிரம் ரெக்கார்டும் ஒரே சரமாகிவிடும். சோதனையில் பத்து ரெக்கார்டு வைத்துப் பார்த்தார்கள், பிரமாதமாக வேலை செய்தது. லைவில் போனதும் ஜேசன் பாதியில் அறுந்து நின்றது, அடைப்புக்குறி மூடவில்லை என்று அலறியது. நெட்வொர்க் டீமைக் கூப்பிட்டார்கள், ஃபயர்வாலைத் திட்டினார்கள், ராத்திரி இரண்டு மணி வரைக்கும் டீம்ஸ் காலில் இருந்தார்கள். கடைசியில் ஆபீஸின் மூலையில் ரிட்டயர்மென்ட்டுக்குக் காத்திருந்த ஒரு பழைய டிபிஏவைப் போனில் எழுப்பினார்கள். சரம் நீளமாகப் போனால் சர்வர் அதை 2033 எழுத்துக்கு ஒன்றாக வெட்டி, தனித்தனி ரெக்கார்டுகளாகத்தான் அனுப்பும், நீங்கள் முதல் ரெக்கார்டை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டீர்கள் என்றார் அவர்.

"அப்ப மிச்சத்தை எப்படி சார் எடுக்கறது?"

"லூப் போட்டு, ஒவ்வொரு ரெக்கார்டா ஃபெட்ச் பண்ணி ஒட்டணும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.